வெளி ஸ்டேட்டுக்காரி

ஆபீஸ் சுவரில் தோட்டத்துக் குமாஸ்தா சிவசிதம்பரம் கிராணி ஒட்டியிருந்த தாளை வீரமுத்து எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் தாயம்மாவின் முதுகில் வெயில் ஏறிவிட்டது. காட்டுப்பன்றி பிடிக்க இனி பர்மிட் வேண்டும். பர்மிட் இல்லாத கையில் கண்ணிக்கம்பியோ ஈட்டியோ இருந்தால் போலீஸ் வரும். உள் ஸ்டேட் ஆள் பன்றி பிடித்தால் ஆபீசுக்கு ஒரு முன்னங்கால். வெளி ஸ்டேட் ஆள் பிடித்தால் இரண்டு பின்னங்கால், அதற்கும் முன்னால் ஒரு சிரட்டை உப்பு. ஜப்பான்காரன் வாழைமரப் படம் போட்டு அச்சடித்த நோட்டைப் பற்றித் தாளில் ஒரு வார்த்தையும் இல்லை. அந்த நோட்டு எதற்கு ஆகும் என்று தோட்டத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் கிராணிதான். அதனால்தான் கட்டணத்தைக் காலாகக் கேட்டார்.

"எனக்கென்ன லா, நான் உள் ஸ்டேட்டு" என்று வீரமுத்து பல்லைக் காட்டினான்.

துறையூருக்குப் பக்கத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் கப்பலேறி வந்தவன் உள் ஸ்டேட். சிகாமட்டில் ரப்பர் மரத்தடியில் பிறந்து, கல்யாணமாகி இந்தக் கோலா சாவா தோட்டத்துக்கு வந்த தாயம்மா வெளி ஸ்டேட். கடலே பார்த்திராதவள் அவள்.

இந்தக் கூத்து நடந்தது ஜப்பான்காரன் வந்த வருசம். ஆட்கணக்கு எடுக்கிறேன் என்று கிராணி ஒரு பெரிய புத்தகத்தோடு கூலி வீட்டு வரிசையான லயத்துக்கு வந்தார். "எந்த ஸ்டேட்?" என்று கேட்டார். அவர் கேட்டது மாநிலத்தை. தோட்டத்துக் காதில் அது 'எந்த எஸ்டேட்' என்றுதான் விழும். தாயம்மா பிறந்த தோட்டத்தின் பேரைச் சொன்னாள். சிகாமட், மூணாம் டிவிசன் என்று, கேளாத விவரத்தையும் சேர்த்துச் சொன்னாள். கிராணி அது இருக்கும் மாநிலமான ஜொகூர் என்று எழுதிக்கொண்டார். மற்றவர்கள் துறையூர், நாமக்கல், ஆத்தூர் என்றார்கள். அந்த ஊர்களுக்குப் புத்தகத்தில் கட்டம் இல்லை. இல்லாத கட்டத்துக்காக யார் மண்டையை உடைப்பது? அத்தனை பேரையும் இந்தத் தோட்டம் இருக்கும் நெகிரி செம்பிலானில் போட்டு மூடிவிட்டார். படித்த மனிதர். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும்.

வீரமுத்து தாளை வாசித்து முடித்ததும் தாயம்மா ஆபீஸ் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். கிராணி பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"எம் புருசன் பேர்ல பர்மிட்டு எழுதிக் குடுங்க ஐயா. அவரு இந்தத் தோட்டத்துலயே பொறந்தவரு."

"அப்ப அர்ச்சுனன் வந்து கையெழுத்து வைக்கட்டும்."

"சயாமுக்கு ரயில் ரோட்டு போடப் போனவரு எப்படி ஐயா வருவாரு? லாரியில ஏத்தறதுக்கு லிஸ்ட்டு எழுதுனதே நீங்கதான."

கிராணி பென்சில் தூளை ஊதினார். "அது மேலிடம் கேட்ட லிஸ்ட். இது மேலிடம் போட்ட சட்டம். உன்ரை பேருக்கு நேரே ஜொகூர் எண்டு கிடக்கு. நான் என்ன செய்யிறது?"

"ஐயா யாழ்ப்பாணத்துல பொறந்தவங்க. நீங்க பன்னி புடிச்சா எத்தன காலு?"

பின்னால் நின்றவர்களில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள். கிராணி தலை நிமிரவில்லை. "வாய் நீளுது. உப்போட வா."

உப்பு. தாயம்மா வீட்டில் உப்பு, ஒரு துணி முடிச்சில், மாமியார் மயிலம்மாளின் தலைமாட்டில் இருந்தது. ஒரு விரல் நுனியால் தொட்டால் முடிந்துபோகும் அளவு. மயிலம்மாளுக்குக் கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கி, எழுந்து நடக்க முடியாது. இரண்டு வயிற்றுக்கும் லயத்துக்குப் பின்னால் நட்ட மரவள்ளிதான். இன்னும் ஒரு மாதம் விட்டால் கிழங்கு தேறிவிடும். பன்றி விட்டால்.

வீரமுத்து வாசல்வரை கூடவே வந்தான். "எம் பேர்ல பர்மிட்டு எடுக்கறேன். பாதிக் கறி எனக்கு."

"கண்ணி வெக்கத் தெரியுமா ஒனக்கு?"

"நீ வெச்சுக் குடு."

"ஒரு காலு ஆபீசு திங்கும், மிச்சத்துல பாதி நீ திம்ப. கம்பி முறுக்குனவ வாலச் சூப்பணுமா? போய்யா."

சாயங்காலமானால் அவள் தகரத்தைத் தட்டினாள். முதல் நாள் பன்றிகள் பயந்தன. அடுத்த நாள் நின்று கேட்டன. சிகாமட்டில் அப்பாவோடு கம்பி முறுக்கிப் பழகிய கை, தகரம் தட்டிக்கொண்டிருந்தது. ஆறாம் நாள் விடியும்போது மரவள்ளிக் கொல்லை முழுக்க ஏர் உழுததுபோலக் கிடந்தது. கடித்துப் போட்ட துண்டுகளைப் பொறுக்கிக் கழுவி அவித்தாள்.

மயிலம்மாள் ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தாள். "இது பன்னியே வேணாம்னு துப்புனது போலருக்கே."

"அதுக்குப் பசியில்ல அத்த. நமக்கு இருக்கு. சாப்புடுங்க."

கீழே தின்ன ஒன்றும் இல்லாமல் போனதும் பன்றிகள் மேட்டுக்கு ஏறின. மேட்டில் கிராணி வீட்டுக்குப் பின்னால் சர்க்கரைவள்ளி நாற்பது பாத்தி. மாதக் கடைசியில் ஜப்பான் அதிகாரி வந்து, ஒவ்வொரு பாத்தியாக நடந்து பார்த்துவிட்டுப் போவான். போன மாதம் பெயர்ப்பலகை கோணலாக நின்றதற்கே கிராணியின் கன்னத்தில் விட்டான். தோட்டமே பார்த்தது. அன்று சாயங்காலம் கிராணி பால் மரம் சீவும் கூலிகள் இரண்டு பேரை அறைந்து கணக்கை நேர் செய்துகொண்டார். ஒரே இரவில் பதினோரு பாத்தி போயிற்று.

மறுநாள் சாயங்காலம் சிவசிதம்பரம் கிராணி லயத்துக்கு இறங்கி வந்தார். புத்தகம் இல்லாமல் அவர் அங்கே வந்து யாரும் பார்த்ததில்லை. காதில் பென்சில், கையில் ஒரு தாள்.

"தாயம்மா, உனக்குக் கண்ணி வைக்கத் தெரியும் எண்டு வீரமுத்து சொன்னவன். பர்மிட் எழுதிக்கொண்டு வந்தனான். உப்பு வேண்டாம்."

"எந்த ஸ்டேட்டுன்னு போட்டிருக்கீங்க?"

"நெகிரி செம்பிலான் எண்டு மாத்திப்போட்டன். இனி உனக்கு ஒரு முன்னங்கால்தான்."

அவள் தாளை வாங்கவில்லை. இந்த ஆள் நினைத்தால் நாளைக்கே போலீசைக் கூப்பிடலாம். அது அவளுக்குத் தெரியும். போலீசுக்குக் கண்ணி வைக்கத் தெரியாது. அது அவருக்கும் தெரியும்.

"ஜொகூர்னே இருக்கட்டும் ஐயா. வெளி ஸ்டேட்டு ஆளுக்குத்தான வெல ஜாஸ்தி."

உள்ளே போனாள். மயிலம்மாளின் தலைமாட்டில் அவிழ்ந்து கிடந்த வெறும் துணியைத் தாண்டி, அடுப்போரம் கவிழ்த்திருந்த சிரட்டையை எடுத்து வந்து, அவர் நீட்டிய தாளின்மேல் வைத்தாள்.

"மொதல்ல இது நெறைய உப்பு. அப்புறம் புடிக்கிற பன்னிக்கெல்லாம் பின்னங்காலு ரெண்டும் எனக்கு."

கிராணி வாயைத் திறந்தார். மேட்டுப் பக்கமிருந்து உறுமல் ஒன்று கேட்டது, அதற்குப் பதிலாக இன்னொன்று. லயத்து வாசல்களில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். வீரமுத்துவும் வந்தான், இந்த முறை பல்லைக் காட்டாமல். கிராணி இரண்டு கையாலும் தாளை ஏந்தியபடி நின்றார், அதன்மேல் வெறும் சிரட்டை. கீழே விழுந்துவிடுமோ என்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.