நீல நூல் கட்டு

தையற்கடைக்குள் கோணாமலை கால் வைக்குமுன்பே அருளம்பலத்தார் கேட்டுவிட்டார்.

"என்ன காணும், இப்ப என்ன வாசிக்கிறீர்?"

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஜெமீலின் கடையில் யாரும் உட்கார முடியாது. மூன்று வருட வழக்கம். பதில் சொன்னால் வாங்குப் பலகையில் இடம், அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி.

"ஒண்டும் வாசிக்கேல்லை."

"பொய்யெண்டாலும் ஒண்டைச் சொல்லும். நான் குண்டு விழுந்தால் எப்பிடிப் படுக்கிறதெண்டு அரசாங்கம் அடிச்ச நோட்டீஸ் வாசிக்கிறன். நல்ல நடை. ஒரு சொல்லும் அநாவசியமில்லை."

"நான் போன வருஷத்துப் பேப்பர்," என்றார் ஜெமீல், மெசினை மிதித்தபடியே. "கொலர் அளவுக்கு வெட்டினது. ஒரு கொலை வழக்கு நல்லாப் போகுது. தீர்ப்பு மற்றக் கொலரில போயிட்டுது."

அருளம்பலத்தார் மட்டும் சிரித்தார். அவர் பகலில் வக்கீல் பிரக்கிராசி ஒருவரின் கந்தோரில் காணி உறுதிகள் எழுதுபவர். மற்ற நேரத்தில் நாவலாசிரியர். இரண்டு நாவல்களைத் தன் செலவில் அச்சிட்டு, பெரும்பாலான பிரதிகளைத் தன் கட்டிலுக்குக் கீழேயே வைத்திருந்தார். மற்றவன் எழுதியதை வாசிக்கும்போது அவர் முகம் பல்வலிக்காரன் முகம்போல இருக்கும். ஆனால் வாசிக்காமல் இருக்க அவரால் ஏலாது.

கோணாமலை வாங்கின் நுனியில் உட்கார்ந்தான். நால்வருக்கான வாங்கில் இப்போது நிறைய இடம் இருந்தது. வெளியே கடைவீதியில் பத்துக் கதவுகளில் எட்டு பூட்டிக் கிடந்தன. துறைமுகத்தில் குண்டு விழுந்த மறுநாளே சனம் கந்தளாய்ப் பக்கமும் நிலாவெளிப் பக்கமும் மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்தது. ஜெமீலும் பெண்சாதி பிள்ளைகளைக் கிண்ணியாவுக்கு அனுப்பிவிட்டார். கப்பற்படைக்காரருக்கு வெள்ளைக் காற்சட்டை தைக்க ஆள் வேண்டும் என்பதால் அவர் மட்டும் இருந்தார். எண்ணெய்த் தாங்கி எரிந்த வாரம் முழுவதும் வெள்ளைத் துணியில் கரி படிந்ததாம். தைப்பதும் துவைப்பதுமாக இரண்டு வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் நால்வரும் பங்குபோட்டு வாசித்த நாவல் பங்குனி மாதம் சென்னையிலிருந்து வந்தது. தபாலில் வந்த கடைசிப் புத்தகம் அதுதான். பிறகு கப்பல் இல்லை. ஒரு பிரதி, நான்கு வாசகர்கள். யார் முதலில் வாசிப்பது என்று அரை மணிநேரம் சண்டை நடந்தது. கடைசியில் ஜெமீல் கத்தரியை எடுத்து, அட்டையைக் கழற்றி, புத்தகத்தை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வேறு நிற நூலால் தைத்துக் கொடுத்தார். வெள்ளை, காக்கி, கறுப்பு, நீலம். சீட்டுப் போட்டார்கள். ஆளுக்கொரு கட்டு, ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்வது. கதையைச் சிலர் நடுவில் தொடங்கவேண்டி வந்தது. வாசித்ததை வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். அச்சகம் தாள்களின் மடிப்பை வெட்டாமலே அனுப்பியிருந்ததால், ஒரு கட்டை முதலில் வாசிக்கிறவர்தான் மடிப்புகளை வெட்டிக்கொண்டு போகவேண்டும்.

கோணாமலைக்கு நீல நூல் கட்டு விழுந்தது. கடைசிப் பகுதி. கறுப்பு நூல் கட்டு இராசதுரைக்கு.

இருவரும் துறைமுகத்து டொக்யாட்டில் ஒரே மேசையில் வேலை செய்தவர்கள். களஞ்சியத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை. தொழிலாளர் வரும் நேரமும் போகும் நேரமும் பதிவது வேலை. இரவு எட்டு முதல் காலை எட்டு வரை கோணாமலை, பகலெல்லாம் இராசதுரை. சீட்டுப் போட்டதற்கு அடுத்த ஞாயிறு கொழும்பில் குண்டு விழுந்தது. அன்றைக்குக் கட்டு மாற்ற யாரும் கடைக்கு வரவில்லை. புதன்கிழமை வேலை மாறும்போது இராசதுரை சொன்னான்: "வாற ஞாயிறு ஊரில ஆர் இருக்கப்போகினம்? நான் என்ர கட்டை முடிச்சிட்டன். கதையில அந்தப் பெட்டை ரயில் ஏறிட்டாள். என்னால பொறுக்க ஏலாது."

"விடிய வெள்ளன வாரும். முடிச்சுத் தாறன்," என்றான் கோணாமலை.

முடிக்கவில்லை. தொடங்கவும் இல்லை. கதிரையில் சாய்ந்து தூங்கிவிட்டான். ஆறரைக்கு இராசதுரை வந்து அவனைத் தட்டி எழுப்பி, கட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

"என்ன காணும், ஒரு தாளும் வெட்டேல்லை. பத்து நாளாய் அடைகாத்தனீரோ?" சிரித்தான். "எழும்பும். நான்தான் வந்திட்டனே. நீர் போய்ப் படும்."

கோணாமலை எழுந்தான். இராசதுரை உட்கார்ந்து, மேசையிலிருந்த, கோடு போடும் மர அடிமட்டத்தை எடுத்து முதல் மடிப்புக்குள் விட்டான். அந்தச் சத்தம் வாசல்வரை கேட்டது.

ஏழரையளவில் விமானங்கள் வந்தபோது கோணாமலை கடைவீதியில் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தான். டொக்யாட் பக்கம் குண்டுகள் விழுந்து நிலம் அதிர்ந்தது. கடைக்காரன் மேசைக்குக் கீழே பாய்ந்தான். கோணாமலை கையிலிருந்த கோப்பையிலிருந்து ஒரு துளியும் சிந்தவில்லை. பிறகு அவன் பலமுறை நினைத்துப் பார்த்தது அதைத்தான். அழுகை வரும் என்று ஒரு வாரம் காத்திருந்தான். வரவில்லை, காத்திருப்பதையும் விட்டுவிட்டான். வேலைக்குப் போகவில்லை. டொக்யாட்டிலிருந்து இரண்டு கடிதம் வந்தது, உடைக்கவில்லை. பாண் தின்றான், படுத்தான், எழும்பினான்.

செத்தவீட்டில் இராசதுரையின் பெண்சாதி பூரணி அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அண்டைக்கு ஏன் வெள்ளன வந்தவர், அண்ணை?" அவன் தெரியாது என்று சொன்னான்.

அடுத்த ஞாயிறு அருளம்பலத்தார் கேட்டார்: "நீலக் கட்டு போச்சு. வாசிச்ச ஆள் நீர் ஒருத்தர்தான். சட்டத்தை விடும். எப்பிடி முடியுது?" கதையில் பினாங்குக்குப் போன கணவன் நாலு வருடமாகக் கடிதம் போடவில்லை, மனைவி அவனைத் தேடி ரயில் ஏறுகிறாள். வாசிக்கவில்லை என்று சொன்னால் மீதியையும் சொல்லவேண்டி வரும்.

"புருஷன் வாறான்," என்றான் கோணாமலை.

"வாறானோ? கடைசிப் பக்கத்திலையோ? வெட்கங்கெட்டவன். முடிக்கத் தெரியாதவன் எழுதக் கூடாது." அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அருளம்பலத்தார் அந்த முடிவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். கண்டித்து ஒரு கட்டுரைகூட எழுதிவிட்டாராம். இன்றைக்கும் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார்.

வாசலில் மாட்டுவண்டி ஒன்று வந்து நின்றது. பெட்டி, பாய், இரண்டு பானை. பூரணி இறங்கி உள்ளே வந்தாள். வெள்ளைச் சேலையில் வயது கூடித் தெரிந்தாள். ஜெமீல் மிதிப்பதை நிறுத்திக் கதிரையை இழுத்துப் போட்டார். அவள் இருக்கவில்லை.

"கந்தளாய்க்குப் போறன், ஜெமீல் நானா. தமையன் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார். நேத்துத்தான் கொட்டிலைத் துப்பரவாக்கி அவரின்ர மேசை லாச்சியில இருந்த சாமானுகளைத் தந்தவை. உங்கட நூல் எண்டு பாத்த உடன தெரிஞ்சுது."

நீல நூல் கட்டை மேசையில் வைத்தாள். அதற்கு மேல் அடிமட்டத்தையும் வைத்தாள். அடிமட்டத்தின் ஒரு மூலை உடைந்திருந்தது. கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"போன கிழமை நீங்கள் சொன்னீங்களே, நானா. கடைசியில அவன் வந்திடுறானாம் எண்டு."

ஜெமீல் துணியைப் பார்த்தார்.

"ஒண்டு கேட்டிட்டுப் போவம் எண்டு வந்தனான்," என்றாள். "முதல்நாள் இரவு எங்களுக்குள்ள சண்டை. ஊரை விட்டுப் போவம் எண்டு நான். வரமாட்டன் எண்டு அவர். வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டன். விடிய, தேத்தண்ணி ஊத்த முன்னம் ஆள் இல்லை. எட்டு மணி வேலைக்கு ஆறு மணிக்குப் போறவர் இல்லை அவர். என்னோட கோவிச்சுக்கொண்டு போனவரோ எண்டு உங்களில ஆருக்கும் தெரியுமோ?"

அருளம்பலத்தாரின் கை கட்டை எடுத்தது. அவரால் எடுக்காமல் இருக்க ஏலாது. கொஞ்சத் தூரம் புரட்டினார். வெட்டிய விளிம்புகளில் அடிமட்டம் விட்ட பிசிறு இருந்தது. பிறகு விரல் நின்றது. அடுத்த தாளைத் தள்ளிப் பார்த்தார், அதற்கடுத்ததை. எல்லாம் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"இருபத்துநாலு பக்கந்தான் வெட்டியிருக்கு," என்றார். கோணாமலையைப் பார்த்தார். "புருஷன் எத்தினையாம் பக்கத்தில வாறான், காணும்?"

கோணாமலை தன் கைகளைப் பார்த்தான். அவை யாருடையவோபோல முழங்காலில் கிடந்தன. சொல்லாமலும் விடலாம். வண்டி போய்விடும். அவள் கந்தளாயில் ஒவ்வொரு காலையும் தேத்தண்ணி ஊற்றும்போது இந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டிருப்பாள்.

"கோவத்தில வரேல்லை," என்றான். "நான்தான் வெள்ளன வரச் சொன்னனான். இந்தக் கட்டைக் குடுக்க. ஆறரைக்கு வந்தவர். ஆறே முக்காலுக்கு நான் வெளிக்கிட்டனான்." நேரப் புத்தகத்தை வாசிப்பதுபோல இருந்தது அவனுக்கே.

பூரணி அசையவில்லை. "அப்ப எட்டு மணி வரைக்கும் அந்தக் கதிரை உங்கட கதிரை."

"ஓம்."

"வரேக்குள்ள அவர் முகம் எப்பிடி இருந்தது?"

"சிரிச்சவர். நான் ஒரு தாளும் வெட்டேல்லை எண்டு."

"என்னைப் பற்றி ஏதும் கதைச்சவரோ?"

கோணாமலை யோசித்தான். ஒரு பொய் வாய்வரை வந்தது. ஏற்கனவே ஒன்று சொன்னது போதும்.

"இல்லை."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். அழுவாள், திட்டுவாள் என்று ஜெமீல் பயந்ததுபோல இருந்தது. செம்பில் தண்ணீர் எடுக்க எழுந்து பாதியில் நின்றார். அவள் அருளம்பலத்தாரின் கையிலிருந்து கட்டை வாங்கினாள். அவர் உடனே விடவில்லை. பிறகு விட்டார்.

"இதை நான் கொண்டு போறன்," என்றாள். கட்டையும் அடிமட்டத்தையும் கோணாமலையிடம் நீட்டினாள். "மிச்சத்தை வெட்டித் தாங்கோ."

வெட்டு மேசையில் ஜெமீலின் அழகான கத்தரி பக்கத்திலேயே கிடந்தது. யாரும் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. கோணாமலை எழுந்துபோய் மேசையருகில் நின்று, உடையாத பக்கமாக அடிமட்டத்தைப் பிடித்து, இராசதுரை விட்ட இடத்தில் மடிப்புக்குள் நுழைத்து இழுத்தான். வாசல்வரை கேட்ட அதே சத்தம். எழுத்துகளில் கண் படாமல் விளிம்பை மட்டும் பார்த்துக்கொண்டு அடுத்ததை வெட்டினான், அதற்கடுத்ததை வெட்டினான். தாளின் பிசிறு கப்பற்படைக்காரரின் வெள்ளைக் காற்சட்டைகள்மேல் விழுந்தது. ஜெமீல் அதைத் தட்டவில்லை.

வெளியே வண்டிக்காரன் நேரமாகுதென்று குரல் கொடுத்தான். பூரணி கையை நீட்டியபடி நின்றாள். இன்னும் இரண்டு மடிப்பு இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அருளம்பலத்தார், கையில் மடித்த கட்டுரையோடு, ஒரு கோழியைப்போலக் கழுத்தைச் சரித்து, திறந்துகொண்டிருந்த பக்கங்களைத் தலைகீழாக வாசிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.