நாற்பது நிமிடத் தூரம்

மகள் இருக்கும் ஊருக்கு விமானத்தில் நாற்பது நிமிடம்தான். பஸ்ஸில் போனால் மலையைச் சுற்றிக்கொண்டு ஒன்பது மணி நேரம். இதைச் சொல்லிச் சொல்லியே மகள், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் போக வர டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள்.

கணவருக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. ஓய்வு பெறும்வரை அந்த மலைச் சாலையில் பஸ் ஓட்டியவர் அவர்.

"இதெல்லாம் ஒரு பயணமா? சீட்டு சூடாகறதுக்குள்ள இறங்கச் சொல்லிடுவான்" என்று வாசல் பூட்டும்வரை முணுமுணுத்தார். மனைவிக்கோ கால் தரையில் பாவவில்லை.

சின்ன விமானம். ஏறியதும் அவள் ஜன்னலில் மூக்கை வைத்து அழுத்தியவள்தான், எடுக்கவே இல்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த கணவரும் மெல்ல எட்டிப் பார்த்தார்.

"அதோ, நூல் மாதிரி தெரியுது பாரு, நம்ம ரோடு. அந்த வளைவுலதான் ஒரு தடவை பிரேக் பிடிக்காமப் போச்சு."

"ஐயையோ! எப்போ?"

"நம்ம பொண்ணு பிறந்த வருஷம்."

"எங்கிட்ட மூச்சு விடலையே!"

"சொல்லியிருந்தா நீ தூங்கியிருப்பியா?"

அவள் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், ஏதோ இப்போதுதான் பிரேக் போனது போல.

மலையைத் தாண்டுவதற்குள் மூடுபனி. அந்தப் பக்கம் இறங்க வழியில்லை என்று விமானி அறிவித்தார். கொஞ்ச நேரம் வட்டமடித்துவிட்டு, ஏறிய ஊரிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். நாளைக் காலை விமானத்தில் போகலாம், இல்லையென்றால் இப்போதே பஸ் ஏற்பாடு செய்கிறோம் என்றாள் கவுண்டர் பெண்.

கணவர் இப்போது குத்திக்காட்டப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவரோ, "நாளைக்கே போவோம். ஜன்னலோரம் கிடைக்குமான்னு கேட்டுட்டு வர்றேன்" என்றார்.

"வேணாங்க, பஸ்லயே போகலாம்."

"எனக்காகவா சொல்றே?"

"எனக்காகத்தான். உங்க பஸ்ல எத்தனை தடவை வந்திருப்பேன்! ஒரு தடவையாவது என் பக்கத்துல உக்காந்திருக்கீங்களா? உங்க பின்னங்கழுத்தைப் பாத்துக்கிட்டேதான் வந்தேன்."

அவர் பையின் ஜிப்பைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினார்.

பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் தரையை மிதித்தது. அவள் அவர் முழங்காலில் தட்டி, "வண்டிய அவர் ஓட்டட்டும், நீங்க வேடிக்கை பாருங்க" என்றாள். மலை உச்சியில் வண்டி நின்றதும், கணவர் இருவருக்கும் தேநீர் வாங்கிவந்து நீட்டினார். ஒரு காலத்தில் இதே கடையில், பயணிகளுக்கு முந்தியே தேநீரைக் குடித்துவிட்டு ஹாரன் அடித்துக் கூப்பிடுவார். அவள் நாக்கைச் சுட்டுக்கொண்டு ஓடிவருவாள். இப்போது இறக்கத்தில் அவள் தோளிலேயே சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். அந்தச் சாலையில் அவர் கண்ணயர்ந்தது அன்றுதான். கை மரத்துப்போனாலும் அவள் அசையவில்லை.

பஸ் நிலையத்தில் மகள் ஓடிவந்தாள். "நாப்பது நிமிஷத்துல வர வேண்டியவங்க! ரொம்ப அலைச்சலாம்மா?"

"அதெல்லாம் இல்ல. ஏம்மா, திரும்பிப் போற டிக்கெட்டை ரத்து பண்ணிடலாமா? பஸ்லயே போயிடறோம்."

"பண்ணாதே!" என்று கணவர் குறுக்கிட்டார். "உங்கம்மா இன்னும் மலைக்கு இந்தப் பக்கத்த மேலேருந்து பாக்கல."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.