லூர்தம்மா பார்த்ததாக எழுதச் சொன்னார்

1

இந்தக் கதை எனக்கு ஓட்டோவில் கிடைத்தது. மன்னார் ரவுனிலிருந்து பேசாலைக்குத் திரும்பும் வழியில், யாகப்புவின் ஓட்டோவில். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிக் கதையில் நீங்களே கண்டுபிடித்து என்னைக் கள்ளி என்பீர்கள்.

கொழும்புச் சஞ்சிகை ஒன்று, ஊர்ச்சொல் ஒன்றை வைத்துக் கதை கேட்டிருந்தது. நான் 'சுழட்டுறது' என்ற சொல்லை எடுத்தேன். பின்னேரத்தில் தலைக்கு எண்ணெய் வைத்து, இரவல் சேட்டுப் போட்டு, ஒரு பெட்டையின் வீட்டுக்கு முன்னால் பெடியள் சைக்கிளில் போய்ப் போய் வருவதற்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஒரு ரீச்சர் எடுக்கிற சொல்லா இது என்று பள்ளிக்கூட அதிபர் கேட்டார். முப்பது வருடமாக வகுப்பறை ஜன்னலால் நான் பார்த்ததே அதைத்தானே.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"அந்திச் சூரியன் தன் செந்நிறக் கைகளால் பேசாலைக் கடலை"

[வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலையில்லை. தவிர, எங்கள் ஊரில் அது தலைமன்னார்ப் பக்கப் பனைகளுக்குப் பின்னால் போய்த்தான் விழும்.]

இரண்டாவது:

"யாகப்பு ஒரு கண்ணியமான"

[இதையும் விடுகிறேன். அவரே சிரிப்பார்.]

மூன்றாவது, இருக்கட்டும்:

சமாதான காலத்தில், இரண்டாயிரத்து இரண்டில், யாகப்பு தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பினான். (இப்போது மரியாதைக்குரிய ஓட்டோக்காரர். அப்போது வயது இருபத்தொன்று, ஆகவே 'அவன்'.) முகாமில் பழகியது 'சைட் அடிப்பது'. அதற்கு மதகில் குந்தியிருந்தால் போதும். இங்கே வந்து பார்த்தால் ஒருத்தனும் குந்தவில்லை, எல்லாரும் சுழன்றுகொண்டிருந்தார்கள். யாகப்பு ஒரே கிழமையில் பழகிவிட்டான். தனியாகப் போனால் ஊர் ஒரு மாதிரிக் கதைக்கும், இரண்டு பேராகப் போனால் ஏதோ அலுவல் என்று நினைக்கும் என்பதால், நண்பன் டொமினிக்கை சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டான்.*

அந்த ரோட்டில் இருந்த லூர்தம்மா தினமும் ஐந்து மணிக்குத் தன் வீட்டுப் படலையடியில், வேலிக் கதவோரம், நின்றாள். முதல் நாள் தற்செயல் என்று நினைத்தான். பத்தாம் நாள் அவனுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. எனக்காகத்தான் நிற்கிறாள் என்று முடிவுகட்டினான். இரண்டு வருடம் ஒரு நாளும் பேசவில்லை, இறங்கவுமில்லை, பெல்லை மட்டும் அடித்தான். பிறகு மாமி ஒருத்தி பேச்சுக்கால் கொண்டுபோனாள், கலியாணம் நடந்தது. யாகப்புவின் கணக்கில் அந்த மாமி வெறும் தபால்காரி. காரியத்தை முடித்தது சைக்கிள்தான்.

* டொமினிக்கிடமும் விசாரித்தேன். "எந்தப் பெட்டை ரீச்சர்? அந்த மணல் ரோட்டில விழாமல் இருக்கிறதே எனக்குப் பெரிய வேலை."

3

இன்றைக்கு ரியூசன் விட்டு வருகிற பெட்டைகளை வீட்டில் கொண்டுபோய் விடுகிற வேலைக்கு ஊர்த் தகப்பன்மார் யாகப்புவைத்தான் பிடிப்பார்கள். எந்த மதிலுக்குப் பின்னால் எவன் நிற்பான் என்று அவருக்கு அத்துப்படி. அந்தப் பேரில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

போன மாதம் கலியாணம் கட்டி இருபது வருடம். ஆட்கள் கூடியிருக்க, கேக் வெட்டிய கையோடு, "சொல்லனப்பா, நீ எனக்காகத்தானே படலையடியில நிண்டனீ?" என்று கேட்டிருக்கிறார்.

லூர்தம்மா, "எந்தப் படலையடியில?" என்றிருக்கிறார்.

எல்லாரும் சிரித்தார்கள். யாகப்புவும் சிரித்தார். அன்றிலிருந்து மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ரீச்சர்," என்றார், ஓட்டோவை ஓரங்கட்டிவிட்டு. "கடல் எனக்குச் சரிவரேல்ல. படிப்பும் வரேல்ல. நானா விரும்பி, நானா வெண்டது அது ஒண்டுதான். நீங்கள் கதை எழுதிறனீங்கள்தானே. அவ என்னைப் பாத்ததா எழுதுங்கோ."

நான் ஓம் என்றேன்.

4

முடிவு (அ): லூர்தம்மா ஓரக்கண்ணால் பார்க்கிறாள்.

முடிவு (ஆ): பார்க்காத மாதிரிப் பார்க்கிறாள்.

முடிவு (இ): அவன் போன பிறகு, சைக்கிள் தடத்தைப் பார்க்கிறாள். [இது எனக்கே பிடித்திருந்தது. பிடித்ததால் சந்தேகமும் வந்தது.]

யாகப்பு எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரிகிறது. இந்த லூர்தம்மாவை எனக்குத் தெரியவில்லை. நான் சொல்கிற பக்கமெல்லாம் கண்ணைத் திருப்புகிறாள். அப்படி ஒரு பெண்ணை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. தாள்களைச் சுருட்டிக்கொண்டு நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

5

லூர்தம்மா பின்கதவடியில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்டினேன். யாகப்பு நிலையில் சாய்ந்து, தனக்குச் சம்பந்தமில்லாதது மாதிரி முகட்டைப் பார்த்தார்.

"நல்லாத்தான் கிடக்கு ரீச்சர். ஆர் உந்தப் பிள்ளை?"

"நீங்கள்தான்."

"நானோ? நான் படலையடியில நிண்டது பவுசருக்கு."

அந்த நாளில் அவர்கள் பக்கத்துக் கிணறெல்லாம் உவர். ஐந்து மணிக்குத் தண்ணிப் பவுசர் லொறி ரோட்டு முனையில் வந்து நிற்கும்; படலையடியில் நின்றால்தான் அது வருவது தெரியும். பிந்தினால் தண்ணீர் இல்லை.

"இவரைக் கேளுங்கோ, என்ர கையில என்ன இருந்தது எண்டு."

"பச்சைச் சட்டை போட்டிருந்தவ," என்றார் யாகப்பு.

"கையில."

யாகப்பு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

"ரெண்டு வாளி," என்றார் லூர்தம்மா. "ரெண்டு வருசமாப் பாத்த மனுசன் அந்த ரெண்டு வாளியைக் காணேல்ல." கோபமாகச் சொல்லவில்லை, செதிலைத் தட்டிக்கொண்டே சொன்னார். "நிறைஞ்ச வாளியோட வரேக்க ஆரோ பெல் அடிச்சுக்கொண்டு போவினம் ரீச்சர். நான் ஒதுங்கிறனான். ஒதுங்கேக்க தண்ணி சிந்தும். அது இவரோ, ஆரோ."

யாகப்பு முற்றத்தில் இறங்கிப் போனார். ஓட்டோவைத் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

6

அடுத்த நாள் காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அவ பாத்ததா எழுத வேண்டாம் ரீச்சர்."

"பிறகு?"

"நான் இறங்கினதா எழுதுங்கோ. சைக்கிளை டொமினிக்கிட்டக் குடுத்திட்டு, வாளியை வாங்கினதா."

"அது நடக்கேல்லையே யாகப்பு."

"அவ பாத்ததும்தான் நடக்கேல்ல. அதை எழுதச் சொல்லேக்க நீங்கள் மறுக்கேல்லையே."

ஒரு பெண்ணின் கண்ணை, அவளைக் கேளாமல், மூன்று விதமாக எழுதிப் பார்த்தவள் நான். ஓர் ஆண் வாளி தூக்கினான் என்று எழுதத்தான் எனக்கு ஆதாரம் தேவைப்பட்டிருக்கிறது. வெட்கமாக இருந்தது. உட்கார்ந்து எழுதினேன்:

"அன்றும் பவுசர் ஐந்து மணிக்கு வந்தது. யாகப்பு தூரத்தில் வரும்போதே பெல்லில் இருந்து கையை எடுத்தான். பிறகு"

அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, இந்த முறை கேட்டுவிடுவோம் என்று லூர்தம்மாவுக்குப் போன் எடுத்தேன். "இவர் இறங்கித் தண்ணி தூக்கினதா எழுதட்டோ?"



"எழுதுங்கோ," என்றார். "ஆனா ரீச்சர், தண்ணியை அவர் கொண்டருவார் எண்டா நான் அங்க நிக்கத் தேவையில்லைத்தானே?"

"தேவையில்லை."

"அப்ப என்னைப் படலையடியில நிப்பாட்டாதேங்கோ. அண்டைக்கு ஒரு நாள் நான் உள்ளுக்குப் போய்க் கொஞ்சம் படுக்கிறன்."

ஆகவே, வாசிக்கிற நீங்களே பாருங்கள்: படலையடியில் இப்போது யாரும் இல்லை. லூர்தம்மா நித்திரை. டொமினிக்குக்குச் சைக்கிளைப் பிடித்து நிற்பதே பெரிய வேலை. யாகப்பு இரண்டு கையிலும் நிறைந்த வாளியோடு மணல் ரோட்டால் வந்துகொண்டிருக்கிறான், ஒருத்தரும் பார்க்கவில்லை. அவன் வீடு வரைக்கும் கொண்டுபோனானா, பாதி வழியில் வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினானா என்று நான் சொல்லமாட்டேன். நான் சொன்னால் யாகப்புவும் அப்படியே நம்பிவிடுவார்.