டைனாவின் பெரிய துண்டு

ஆறு பெண்களுக்கு ஒரு மரத்தட்டு, அதில் உப்புப் பன்றிக்கறி ஆறு துண்டு. சண்டை வராமல் பங்கு போட மாலுமிகள் பழகி வைத்திருந்த முறை, கப்பலில் நாடுகடத்தப்படும் பெண் கைதிகளுக்கும் வந்து சேர்ந்திருந்தது. ஒருத்தி தட்டுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். இன்னொருத்தி ஒரு துண்டின்மேல் விரலை வைத்து, "இது யாருக்கு?" என்பாள். முதுகு காட்டியவள் வாய்க்கு வந்த பேரைச் சொல்வாள். எலும்பு யாருக்கு, சதை யாருக்கு என்பது கடவுள் பாடு.

கெசியாவின் தட்டில் மட்டும் கடவுளுக்கு அந்தச் சிரமம் இல்லை, கெசியாவே பார்த்துக்கொண்டாள். லண்டன் சந்தைகளில் கிண்ணத்துக்கு அடியில் பட்டாணியை ஒளித்துவைத்து ஊரை மொட்டையடித்தவள் அவள். பேர் சொல்லும் வேலையை அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். விரல் வைக்கிற லெட்டி, பெரிய துண்டுக்கு வந்ததும் லேசாக இருமுவாள். கெசியா உடனே "டைனாவுக்கு" என்பாள். எலும்புக்கு இரண்டு தரம் இருமுவாள், அது கெசியாவுக்கு.

டைனா ஃபோல்க்ஸ் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். தேம்ஸ் நதியை விட்டுக் கடலுக்கு வந்த நாள்முதல் வாந்தியெடுத்துக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கைதிகளை இறக்கிவிடும் பாட்டனி பே போய்ச்சேரப் பாதிக் கடல் இன்னும் பாக்கி. நன்றாகச் சாப்பிடாவிட்டால் தாயும் தங்கமாட்டாள், பிள்ளையும் தங்காது என்று கப்பல் மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் டைனாவுக்கு வீம்பு அதிகம். ஏழைகள் விடுதியில் பிச்சை ரொட்டி தின்று வளர்ந்தவள். அந்த ருசியே இனி நாக்கில் படக்கூடாது என்றிருந்தாள். கெசியா தன் கறியை நீட்டியபோது கையைத் தட்டிவிட்டாள்.

"அடுத்தவ வாயில இருந்து பிடுங்கி என் பிள்ளைய வளக்க வேண்டாம்டி. என் பங்கு எதுவோ அது போதும்."

அதனால்தான் இந்தத் திருட்டு. ஏமாற்றிப் பிழைத்தவள், வாழ்க்கையில் முதன்முறையாக ஏமாற்றி எலும்பு தின்றுகொண்டிருந்தாள்.

லெட்டி பாவம், அரைக்கால் நடிகைகூட இல்லை. இருமி இருமி, மருத்துவர் காதில் விழுந்து, தினமும் ஒரு மடக்குக் கசப்பு மருந்து குடிக்கவேண்டியதாயிற்று. "உங்க கறிக்காக என் குடலே கருகுதுடி" என்று முணுமுணுத்தாளே தவிர இருமலை விடவில்லை.

ஒருநாள் திர்சா பாஸ்க் கரண்டியால் தட்டை ஓங்கி அடித்தாள். நார்விச்சில் கறிக்கடை வைத்திருந்தவள், வயதில் மூத்தவள், எல்லோருக்கும் பாஸ்க்கம்மா. அவள் சிரித்துக் கப்பலில் யாரும் பார்த்ததில்லை.

"நிறுத்துங்கடி! அது என்ன, கறியப் பாத்தா மட்டும் இவளுக்கு இருமல் வருது? இதுல ஏதோ கள்ளத்தனம் இருக்கு."

"பாஸ்க்கம்மா, கடல் காத்து ஒத்துக்கல..." என்று லெட்டி இழுத்தாள்.

"காத்து கஞ்சி குடிக்கறப்ப மட்டும் ஒத்துக்குதா?"

டைனா தன் துண்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது. "நானும் யோசிச்சேன், பெரிசு எனக்கே வருதேன்னு. கெசியா, இது உன் வேலையா?"

"நான் என்னத்தக் கண்டேன்? என் முதுகுலயா கண்ணு இருக்கு?" என்றாள் கெசியா. பாஸ்க்கம்மாவின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

"இனிமே நான் பேர் சொல்றேன்," என்றாள் பாஸ்க்கம்மா. "விரலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். லெட்டி, இந்தக் கரண்டியால துண்டத் தட்டிக் காட்டு. இருமினேன்னா உன் மண்டையில தட்டுவேன்."

போச்சு, எல்லாம் போச்சு என்று கெசியா தலையில் கைவைத்துக்கொண்டாள். துண்டுகளை மறுபடி கலைத்துப் போட்டார்கள். பாஸ்க்கம்மா திரும்பி உட்கார்ந்தாள். லெட்டி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டினாள். பெரிய துண்டு வந்தது.

"டைனாவுக்கு."

பாஸ்க்கம்மா நேர்மைக்குப் பேர்போனவள். டைனா ஒரு சந்தேகமும் இல்லாமல் எடுத்து மென்றாள். அடுத்த கறி நாளிலும் அவளுக்கே. அதற்கடுத்த நாளும். அதிர்ஷ்டத்தை நம்பிக் கெசியா பிழைத்ததில்லை. துணி துவைக்க மேல்தளத்துக்கு விட்டபோது பாஸ்க்கம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எப்படிப் பண்றீங்க?"

"என்னத்த?"

"நடிக்காதீங்க. இது என் தொழில்."

பாஸ்க்கம்மா துணியைப் பிழிந்தபடி குரலைத் தாழ்த்தினாள். "இருபது வருஷம் கறி வெட்டினவடி நான். கரண்டி எலும்புல பட்டா ஒரு சத்தம், சதையில பட்டா ஒரு சத்தம், பெரிய சதைன்னா இன்னும் மந்தமா கேக்கும். முதுகத் திருப்பினா என்ன, காது எங்க போச்சு?"

"அப்ப எதுக்கு எங்களச் சந்தி சிரிக்க வச்சீங்க?"

"முந்தின ராத்திரி அவ எங்கிட்ட கேட்டுட்டா, 'பெரிசு எனக்கே ஏன் வருது'ன்னு. இன்னும் ஒரு இருமல் கேட்டிருந்தா கஞ்சியக்கூடத் தொட்டிருக்கமாட்டா. ஒருத்தியப் பிடிச்சுக் கொடுத்தாத்தானே அடுத்தவள நம்புவா? உன் கைவேல அவ்வளவு மட்டம்டி."

கெசியாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அதைவிடச் சிரிப்பு வந்தது. அன்றுதான் பாஸ்க்கம்மாவுக்கு முன்பல் ஒன்று இல்லை என்பதும் தெரிந்தது.

நன்னம்பிக்கை முனைக்கு முன்பே டைனாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அது போட்ட கூச்சலில் தளத்திலிருந்த மாலுமிகள் தொப்பியைத் தூக்கி எறிந்து கத்தினார்கள்.

"பாத்தீங்கல்ல? ஒருத்தி தயவும் இல்லாம பெத்துட்டேன்!" என்றாள் டைனா.

கெசியாவுக்கு நாக்கு துடித்தது. பாஸ்க்கம்மா அவள் காலைப் பலமாக மிதித்தாள். இனிப் பால் ஊறவேண்டுமே.

அடுத்த கறி நாளில் பெரிய துண்டு வழக்கம்போல டைனாவுக்குப் போயிற்று, கெசியாவுக்கு எலும்பு. டைனா அதை எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினாள். தன் துண்டில் ஓரமாகக் கொஞ்சம் பிய்த்து நீட்டினாள்.

"பாவம்டி நீ. உனக்கு ராசியே இல்ல. இந்தா, எங்கிட்ட நிறைய இருக்கு."

என்னிடம் நிறைய இருக்கிறது என்று டைனா தன் வாழ்நாளில் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டாள். கெசியா கையை நீட்டத் தயங்கினாள். பாஸ்க்கம்மாவைப் பார்த்தாள்.

"வாங்கிக்கோடி. பெரிய மனசோட குடுக்கறா," என்றாள் பாஸ்க்கம்மா.

கெசியா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "நீ நல்லாயிருக்கணும் டைனா," என்று சொல்லி, அந்தத் துணுக்குக் கறியை மெதுவாக மென்று தின்றாள்.