அப்பா கை காட்டிய விமானம்

மதுரை விமான நிலைய வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர் டிக்கெட்டையும் ஆதாரையும் பார்த்துவிட்டு நாகஜோதியை உள்ளே விட்டார். அவள் அப்பா சுருளியாண்டியைக் கை நீட்டி மறித்தார்.

"நீ போத்தா. பிளேன் கெளம்புறதப் பாத்துட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன். அந்தா, அங்கன வேலியோரமா நின்னு கை காட்டுறேன்."

"உள்ள இருந்து தெரியாதுப்பா."

"உனக்குத் தெரியாட்டி என்ன? எனக்குத் தெரியும்ல."

ஏழு கிலோவுக்கு மேல் போனால் தண்டம் என்பதால், பையைச் சின்னமனூர் காய்கறிக் கடைத் தராசில் நிறுத்து, அம்மா திணித்த முறுக்கு டப்பாவை வெளியே எடுத்து, ஆறு கிலோ எண்ணூறுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். டெல்லிக் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டரையும் உள்ளே வைத்தால் எடை தாண்டும். அதனால் குச்சனூரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்த வெயிலிலும் அதைப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள். கழுத்தில் வேர்வை கோடு கோடாக இறங்கியது.

மணி ஒன்று ஐந்து. விமானம் மூன்று இருபதுக்கு. நாளை காலை ஒன்பது மணிக்கு டெல்லியில் சான்றிதழ் சரிபார்ப்பு. நாலாவது தடவை பரீட்சை எழுதிக் கிடைத்த மத்திய அரசு வேலை. நேரில் வராதவர் பெயர் நீக்கப்படும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கடிதம் வந்ததற்கும் தேதிக்கும் நடுவே ஐந்தே நாள், ரயிலில் இடமில்லை. அதனால்தான் இந்த மலிவு விமானம். அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். விமானம் ஏற வந்த முதல் ஆளும் அவள். எங்கே போனாலும் முதல் ஆளாகப் போய் முட்டிக்கொள்வது அவளாகவே இருந்தது.

கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் ஜாய்ஸ் என்று பெயர் குத்தியிருந்தது.

"மேடம், இந்த ஃப்ளைட் பன்னெண்டு அம்பதுக்கே போயிருச்சே."

"மூணு இருபதுன்னு போட்டிருக்கு. கண்ணத் தெறந்து பாருங்க."

"டைம் மாத்தியாச்சு மேடம். நேத்து சாயங்காலமே உங்க நம்பருக்கு மெசேஜ் போயிருக்கு."

"எனக்கு ஒண்ணும் வரல."

ஜாய்ஸ் திரையைத் திருப்பிக் காட்டினாள். கடைசி நாலு எண்ணைப் படித்ததுமே நாகஜோதிக்குப் புரிந்துவிட்டது. அது சின்னமனூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் சுரேஷ்கண்ணனின் எண்.

டிக்கெட் போட்ட அன்று அவன், "நம்பர் சொல்லு பாப்பா" என்று கேட்கத்தான் கேட்டான். அவள் வாயைத் திறப்பதற்குள் சுருளியாண்டி முந்திக்கொண்டார். "வேணாம்ப்பா. பொம்பளப்பிள்ள நம்பரு கடை கடையாப் போகக் கூடாது. உன் நம்பரையே போட்டுக்க." கடையில் ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். திராட்சைக்கு மருந்தடித்து மருந்தடித்து நகக்கண் வரை நீலம் ஏறிய மனிதர், மகளை ஆகாயத்தில் அனுப்ப வந்து நிற்கிறார். அத்தனை பேர் முன்னால் அவரை எதிர்க்க வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டாள். தெருவுக்கே விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவள் அவள். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு நாள்தான்.

சுரேஷ்கண்ணனைக் கூப்பிட்டாள்.

"இரு பாப்பா, பாக்குறேன்... ஆமா, வந்திருக்கு. நேத்து ஆறே முக்காலுக்கு. ஒரு நாளைக்கு முந்நூறு மெசேஜ் வருது, ஊர்ல பாதிப் பேரு ஓடிபி எனக்குத்தான் வருது. எதன்னு பாக்க? ஐயோ, இப்ப என்ன செய்ய?"

"நீங்க போயிட்டு வாங்கண்ணே டெல்லிக்கு" என்று போனை வைத்தாள்.

ஜாய்ஸ் அதற்குள் வேறு விமானங்களையும் தட்டிப் பார்த்திருந்தாள். "இன்னைக்குள்ள போய்ச் சேர எதுலயும் சீட் இல்ல மேடம். நாளைக் காலைல மாத்தித் தரலாம். டெல்லி போய்ச் சேர மத்தியானம் ரெண்டரை ஆகும்."

"ரெண்டரைக்குப் போயி யாரு மூஞ்சியில முழிக்க?"

"நீங்க எந்த ஊரு?"

"குச்சனூரு."

"நான் ராயப்பன்பட்டி, பக்கத்துலதான்."

"அப்ப ஏத்தி விடுங்க."

"ஊருக்காரவுகன்னு பறந்து போனதத் திருப்ப முடியுமாக்கா?"

ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கடிதத்திலிருந்த டெல்லி எண்ணை அடித்துக்கொண்டே இருந்தாள். மூன்றே காலுக்கு ஒருவர் எடுத்தார். இந்தியில் ஏதோ கேட்டார். அவள் ஆங்கிலத்தில் பாதி சொல்வதற்குள், "தேதி தேதிதான்" என்று அவரும் ஆங்கிலத்திலேயே சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

உள்ளே வந்துவிட்டுப் பறக்காமல் திரும்புகிறவர்களுக்கென்று வாசலில் ஒரு நோட்டு இருந்தது. ஜாய்ஸ் கூடவே வந்து அதை நிரப்பினாள். காரணம் என்ற கட்டத்தில் 'தாமதம்' என்று எழுதினாள்.

"நானா லேட்டு? ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருக்கேன்."

"அதுல எல்லாருக்கும் அதத்தான்க்கா எழுதுவோம்."

வெளியே வந்தபோது எந்த ஊருக்கோ போகும் ஒரு விமானம் இரைந்துகொண்டு மேலேறியது. வேலியோரம் சுருளியாண்டி துண்டை அவிழ்த்துத் தலைக்கு மேல் வீசிக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் போன், ஸ்பீக்கரில் அம்மா.

"ஏறிட்டா ராஜாத்தி! சொன்ன நேரத்துக்கு டாண்ணு கெளப்பிட்டாக!"

"அப்பா."

திரும்பினார். அவளைப் பார்த்தார். மேலே பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"அப்ப அதுல போறது யாரு?"

"யாரோ. என்னோடது பன்னெண்டு அம்பதுக்கே போயிருச்சு. நேரத்த மாத்தி நேத்தே மெசேஜ் அனுப்பிருக்காக."

"போனு உன் கையிலதானத்தா இருந்துச்சு? பாக்காமயா விட்ட?"

அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"என் நம்பரக் குடுக்க நீங்க எங்க விட்டீக? சுரேஷ்கண்ணன் நம்பரத்தான குடுத்தீக. அங்கன வந்து கெடக்கு மெசேஜு. வேல போச்சுப்பா. உங்களாலதான் போச்சு."

சொன்னபின் நெஞ்சுப் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. சுருளியாண்டியின் துண்டுக் கை மெதுவாகக் கீழே வந்தது. அவள் ஸ்வெட்டரைக் கழற்றி, எடை பார்க்காமல் பைக்குள் அமுக்கினாள்.

"ஏங்க, எரைச்சல்ல ஒண்ணும் கேக்கல" என்றது போன். "சன்னலோரம் கெடச்சுச்சாமா பிள்ளைக்கு?"