பலகையில் இல்லாத வண்டி

அந்த அலுவலகத்தில் அவளை எல்லோரும், அளவு அக்கா என்பதைச் சுருக்கி, அளவுக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த வேலைக்கு எவ்வளவு பெரிய சர்வர் வேண்டும், எத்தனை பேர் ஒரே நேரத்தில் வந்து விழுந்தால் அதற்கு மூச்சு வாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. பன்னிரண்டு வருடமாக அதையே செய்துவந்தாள். அவள் தாங்கும் என்றால் தாங்கும். தாங்காது என்றால் மேலாளரே முகத்தைச் சுளித்துக்கொண்டாவது இன்னொரு முறை யோசிப்பார்.

நகரத்து ஆம்புலன்ஸ் சேவைக்கான மென்பொருளை அவர்கள் நிறுவனம்தான் நடத்தியது. மொத்தம் நாற்பத்தேழு வண்டிகள். எது எங்கே நிற்கிறது, காலியாக இருக்கிறதா, நோயாளியோடு போகிறதா என்ற விவரம் முழுக்க ஒரு டேட்டாபேஸில் இருந்தது. வட்டில் எழுதி வைத்துத் தேடினால் நேரமாகும் என்று எல்லாவற்றையும் கணினியின் நினைவகத்திலேயே வைத்திருந்தார்கள். இணையம் வழியாகக் கணினி இடத்தை வாடகைக்குத் தரும் ஒரு கிளவுட் நிறுவனம் அதைப் பராமரித்துக் கொடுத்தது. வேகத்துக்குக் குறைவில்லை, இடம்தான் இறுக்கம். வாங்கிய இடத்திலும் கால்வாசியை நகல் எடுக்கும் வேலைக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். மிச்சத்தில்தான் குடித்தனம்.

முதல் வருடம் அது போதுமானதாக இருந்தது. பிறகு, வண்டி வரும் வழியை வீட்டார் தங்கள் போனிலேயே பார்க்கும் வசதியைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு வண்டியும் கடந்து வந்த பாதை முழுக்க நினைவகத்தில் குவிய ஆரம்பித்தது. அளவுக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு மடங்கு இடம் வேண்டும் என்று மேலாளருக்கு மெயில் அனுப்பினாள். அடுத்த காலாண்டில் பார்ப்போம் என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அதற்குப் பிறகு அவள் போன் ஓயவில்லை. இடம் நிரம்பினால் புதிதாக எதையும் ஏற்காமல் பிழை காட்டும்படி அந்த டேட்டாபேஸை அவளே அமைத்திருந்தாள். அது நிரம்பும் போதெல்லாம் எச்சரிக்கை அடிக்கும். அவள் போய்ப் பழைய பாதைகளை அழித்துவிட்டு வருவாள். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு மணி நேரத்தில் ஆறு எச்சரிக்கைகள். ஆறாவதற்கு எரிச்சலோடு மடிக்கணினியைத் திறந்து ஒரு வரியை மாற்றினாள். இனி நிரம்பினால் மறுக்க வேண்டாம். ரொம்ப நேரமாக யாரும் தொடாததைத் தூக்கிவிட்டுப் புதியதற்கு இடம் கொடு என்பது அந்த வரியின் பொருள்.

பாதைகளுக்கு மட்டும் ஆயுள் நேரம் குறித்து, அவை மட்டும் அழியும்படி செய்யவும் வழி இருந்தது. அது அரை நாள் வேலை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். போன் அடங்கியது. அம்மாவைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

ஐந்து வாரம் எந்தச் சத்தமும் இல்லை. ஆறாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு வழக்கத்தைப் போல இரண்டு பங்கு அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. ஓடுகிற வண்டிகளின் பாதைகள் நினைவகத்தை நிரப்பின. டேட்டாபேஸ் சொன்ன சொல் தட்டாமல், ரொம்ப நேரமாக யாரும் தொடாதவற்றைத் தூக்க ஆரம்பித்தது. நகராமல் நிற்கும் வண்டி புதிதாக எதையும் அனுப்பாது. அமைதியான பேட்டையில் நின்றால் அதை யாரும் தேடவும் மாட்டார்கள். அப்படி நின்ற ஆறு வண்டிகளின் விவரமும் அழிந்துபோயிற்று. கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு, பலகை என்பார்கள். அதில் நாற்பத்தேழு புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று இருந்தன. போன் எடுக்கிற அவசரத்தில் புள்ளிகளை யார் எண்ணுவார்கள்?

அந்த நேரத்தில்தான் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில், மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த ஒரு தையல்காரம்மா வலப்பக்கமாகச் சரிந்து விழுந்தார். வயது ஐம்பத்திரண்டு. வாய் கோணிவிட்டது. மகள் போன் செய்தாள். பலகையில் தெரிந்த வண்டிகளில் அருகில் இருந்தது பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. மழையில் அது வந்து சேர முப்பத்தோரு நிமிடம் ஆனது.

இரண்டு தெரு தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இன்னொரு ஆம்புலன்ஸ் விடியற்காலையிலிருந்து காலியாக நின்றுகொண்டிருந்தது. அதன் டிரைவர் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தார். அவர்களுக்கு ஒன்றும் விளங்காமல் இணைப்பை அளவுக்காவுக்குத் தள்ளிவிட்டார்கள்.

"அக்கா, நான் காலையிலேர்ந்து இங்கயேதான் நிக்கிறேன். என் மூக்குக்கு முன்னாடி இன்னொரு வண்டி சைரன் போட்டுக்கிட்டுப் போகுது. எங்கேர்ந்தோ வருது. நான் என்ன, செத்தா போயிட்டேன்?"

அவள் அவருடைய வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்தாள். அப்படி ஒரு வண்டியே இல்லை என்றது திரை. என்ன நடந்திருக்கிறது என்பது அவளுக்கு ஒரே நொடியில் தெரிந்துவிட்டது.

இடத்தைப் பெரிதாக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். அது முடிய அரை மணி நேரம் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது. பழைய பாதைகளை மொத்தமாக அழித்தாள். அந்த ஒரு வரியைப் பழையபடி மாற்றினாள். பிறகு கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, சும்மா நிற்கிற எல்லா வண்டியையும் நூறடி நகர்த்தச் சொல்லி வயர்லெஸ்ஸில் அறிவிக்கச் சொன்னாள். எதற்கு என்று கேட்டவரிடம், முதலில் நகர்த்தச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னாள். வண்டிகள் அசைந்தன. பலகையில் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப முளைத்தன. அவள் விரல் விட்டு எண்ணினாள். நாற்பத்தேழு ஆனதும் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தையல்காரம்மா பிழைத்துக்கொண்டார். வலது கைக்கு மட்டும் அசைவு திரும்பவில்லை.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். கிளவுட் நிறுவனம் மாற்றங்களின் பதிவைப் பதினான்கு நாள்தான் வைத்திருக்கும். அன்று அவள் திருப்பி மாற்றியது மட்டும்தான் அதில் இருந்தது. அதனால், பழையதைத் தூக்கச் சொல்லும் வரி ஆரம்பத்திலிருந்தே இருந்தது, அன்றுதான் அவள் சரிசெய்தாள் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். அதற்கு மேல் அவர்கள் கையில் சிக்கியது அவளுடைய மெயிலும் மேலாளரின் ஒரு வரிப் பதிலும்தான். இடம் கேட்கப்பட்டது, தரப்படவில்லை, ஆகவே மேலாளர் பொறுப்பு என்று வரைவு அறிக்கை தயாரானது. உடன் வேலை செய்கிறவர்கள் வந்து, நீங்கள் அன்றைக்கே சொன்னீர்களே அக்கா என்று அவள் கையைப் பிடித்தார்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மெயில் போட்டது நீ. மாட்டேன்னது அவர். இதுல பொய் எங்க இருக்கு?"

"பொய் இல்லைங்க. முழுசா சொல்லலை, அவ்வளவுதான்."

"கேக்காத கேள்விக்கு நீயா போய் ஏன் பதில் சொல்றே?"

மறுநாள் காலை விசாரணை அறைக்கு வெளியே முக்கால் மணி நேரம் நின்றாள். ஒருமுறை படியிறங்கிப் பாதிதூரம் போய்த் திரும்பி வந்தாள். உள்ளே போனதும் நின்றபடியே சொன்னாள்.

"இடம் பத்தலைங்கறது உண்மை. ஆனா பத்தாமப் போனா கத்துற மாதிரிதான் அது இருந்துச்சு. அதோட வாயை மூடினது நான். அதுக்கு அப்புறம் நிறைஞ்சது யாருக்கும் தெரியலை."

மூவரில் மூத்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எந்தத் தேதி என்று கேட்டார். அம்மாவின் அறுவை சிகிச்சைத் தேதியைச் சொன்னாள்.

அன்று மாலை மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நன்றி சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ கேட்டப்பவே நான் இடம் குடுத்திருந்தா இது நடந்திருக்குமா?"

"இந்த மழைக்கு நடந்திருக்காது சார். இதைவிடப் பெரிய மழைக்கு நடந்திருக்கும்."

அவர் போகலாம் என்று தலையசைத்தார்.

அறிக்கையில் இருவர் பெயரும் ஏறியது. மேலாளர் வேறு பிரிவுக்குப் போனார். எந்த அமைப்பையும் தனியாக மாற்றும் உரிமை அவளிடமிருந்து எடுக்கப்பட்டது. இனி யார் மாற்றினாலும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இரண்டு மடங்கு இடம் வந்துவிட்டது. அக்கா என்று ஓடிவந்து கேட்டவர்கள் இப்போது கொஞ்சம் யோசித்து, வேறு ஆளிடம் போய்க் கேட்டார்கள்.

விதிப்படி அறிக்கையின் நகல் தையல்காரம்மா வீட்டுக்கும் போயிற்று. மகள் போன் செய்து, படித்துப் படித்துப் பார்த்தும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை, புரிகிற மாதிரி யாராவது வந்து சொல்ல முடியுமா என்று கேட்டாள். நிறுவனத்தின் வக்கீல், போக வேண்டாம் என்றார். அளவுக்கா சனிக்கிழமை மதியம் கிளம்பிப் போனாள்.

முன்னறையில் மெஷின்மேல் துணி போர்த்தியிருந்தது. கழுத்துப்பட்டி வைக்காத சட்டைகள் ஒரு கூடையில் கிடந்தன. அந்த அம்மா கட்டிலில் சாய்ந்து, வலது கையை மடிமேல் எடுத்து வைத்திருந்தார். அளவுக்கா கணினி வார்த்தை எதுவும் இல்லாமல் நடந்ததைச் சொன்னாள். மகள் குறுக்கிடாமல் கேட்டு முடித்துவிட்டுப் பேசினாள்.

"சீக்கிரம் வந்திருந்தா அம்மா கை பொழைச்சிருக்குமா?"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"உறுதியா சொல்ல முடியாதுங்கறார்."

"எனக்கும் தெரியாதும்மா. ஆனா ரெண்டு தெரு தள்ளி வண்டி நின்னுச்சு. அது எனக்குத் தெரியும்."

கட்டிலில் இருந்த அம்மா உதட்டை அசைத்தார். சொற்கள் குழறிக் குழறி வந்தன.

"நீ தூக்கச் சொன்னது... வண்டியைன்னு... தெரியுமா உனக்கு?"

"தெரியாதும்மா. எது போகும்னு நான் பாக்கவே இல்லை."

அந்த அம்மா அவளைப் பார்த்த பார்வையில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. பிறகு களைப்போடு கண்ணை மூடிக்கொண்டார். மகள் எழுந்து தலையணையைச் சரிசெய்தாள். திரும்பி வாசல்வரை வந்தாள்.

"வந்து சொன்னீங்க. சரி."

கதவைச் சாத்தினாள். அளவுக்கா பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அவள் போக வேண்டிய பஸ் வந்தது. ஏறாமல் நின்றாள். அடுத்ததும் வந்து போயிற்று. மூன்றாவதில் ஏறி, காலியாக இருந்த இருக்கையைப் பார்த்தும் உட்காராமல், கம்பியைப் பிடித்தபடி வீடுவரை நின்றுகொண்டே போனாள்.