துலாவுக்குக் கீழே

வீரகத்தி கிணறு வெட்டத் தொடங்குமுன்பே தண்ணீர் இறைக்கும் துலாவை நட்டு, வாளியையும் கட்டிவிட்டான். கோண்டாவில் ஊர்க்காரனுக்கு இதில் என்ன சந்தேகம்? அங்கே எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தண்ணீர் காத்திருக்கும். அவன் காணி பெற்று வந்த இரணைமடுக் குடியேற்ற மண்ணுக்கு அந்த மரியாதை தெரியவில்லை. இருபதடியில் கருங்கல் வந்தது. அலவாங்கின் இரும்புமுனை மழுங்கியது. துலா வெறுங்குழிக்கு மேலே தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றது. "பிள்ளை பிறக்க முதலே பேர் வைச்ச ஆள்" என்று கொலனிச் சனம் சிரித்தது.

சிரிப்பு அவனுக்குப் பெரிதில்லை. ஊரில் தாய்வீட்டில் இருந்த மனைவி கமலாசனி, "மாடு குளிக்கிற வாய்க்கால் தண்ணியிலை என்னாலை உலை வைக்கேலாது. கிணறு கண்டாப் பிறகு கூப்பிடுங்கோ" என்று சொல்லியிருந்தாள். நியாயமான பேச்சுத்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஓலைக் கொட்டிலில் தனியாக எத்தனை காலம் இருப்பது? பின்னேரங்களில் அவன் துலாவோடு கதைக்கத் தொடங்கியிருந்தான்.

ஒருநாள் பள்ளிக்கூடத்து மஸாஹிர் மாஸ்டர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"உங்கட ஊர்க் கல்லு கடலிலை சிப்பியும் பவளமும் சேர்ந்து வந்தது, வீரகத்தி. தண்ணியை உறிஞ்சி வைச்சிருக்கும். இது வேறை. பூமி முந்தி ஒரு நெருப்புக் குழம்பு. பாரமான இரும்பு நடுவுக்கு இறங்கிப் போச்சுது. பாரம் குறைஞ்சது பாலாடை மாதிரி மேலை மிதந்து இறுகினது. அந்த ஆடையிலைதான் உங்கட அலவாங்கு முட்டி நிக்குது."

"எவ்வளவு தடிப்பு, மாஸ்டர்?"

"இருபது மைல் வரும்."

"அதுக்குக் கீழை?"

"சூடேறின கல்லு. அதுக்கும் கீழை உருகின இரும்பு."

"தண்ணி?"

மாஸ்டர் தொப்பியைச் சரிசெய்தார். "கல்லு வெடிச்ச இடத்திலை கொஞ்சம் தேங்கும். இஞ்சை வெடிப்பைக் காணேல்லை."

அன்று வீரகத்தி சோறு காய்ச்சவில்லை. பூமியின் நடுவரைக்கும் எல்லாம் ஒரே கட்டாகத் தன்னை எதிர்ப்பதுபோல இருந்தது. அழுகை வந்தது, அழுதான். கேட்க ஆளா இருந்தது?

மாரிமழைக்கு முன்னர் கமலாசனி சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு வந்து இறங்கினாள். அவன் துலா போட்டுவிட்டதாக யாரோ ஊரில் சொல்லியிருந்தார்கள். துலா இருந்தால் கிணறும் இருக்கும் என்று அவளும் கோண்டாவில் கணக்குத்தான் போட்டிருந்தாள். நேரே போய் வாளியை இறக்கினாள். அது கல்லில் மோதிக் கணீரென்றது.

"இன்னும் எவ்வளவு வெட்டவேணும்?"

கொஞ்சம் என்று சொல்லியிருக்கலாம். அவள் ஒரு கிழமையாவது நின்றிருப்பாள்.

"ஏலாது" என்றான். "இருபது மைலுக்குக் கல்லு. அதுக்குக் கீழை நெருப்பு."

கமலாசனி கொட்டிலைப் பார்த்தாள். ஒரு கோப்பை, ஒரு பாய்.

"இதுக்கு மேலையோ இவ்வளவு நாளும் தனிய இருந்தனீங்கள்?"

"ஓம்."

அவள் வாளியை இழுத்து எடுத்து, கயிற்றிலிருந்து அவிழ்த்தாள்.

"வாய்க்கால் எந்தப் பக்கம்?"